டவரா விளிம்பில் ஒரு மாத்திரை

போன வருடம் ஆடி மாதம். சங்கரன்கோவிலில் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறி, ஊர் முழுக்க வெளியூர்க் கூட்டம் நிறைந்திருந்த நேரம். காலையில் தறிக்கூடத்தில் வேலையாக இருந்தேன். விசைத்தறி ஓட்டுவது என் தொழில். அங்கே செல்போன் அடித்தால் காதில் விழாது. சட்டைப் பைக்குள் அதிர்ந்தால்தான் தெரியும். அதிர்ந்தது. வெளியே ஓடிவந்து எடுத்தேன். என் மனைவியின் எண். பேசியதோ வேறு ஒரு பெண் குரல்.

"அண்ணாச்சி, பதறாதிய. டீச்சர் வண்டியோட காட்டுக்குள்ள எறங்கிட்டாவ. உசுருக்கு ஒண்ணுமில்ல. பைய வாங்க."

பதறாதே என்று சொன்ன பிறகு பதறாமல் இருக்கிறவன் எந்த ஊரில் இருக்கிறான்? தறியை நிறுத்தினேனா இல்லையா என்றுகூட இப்போது ஞாபகமில்லை. பக்கத்துத் தறிக்காரரின் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

என் மனைவி அங்கன்வாடி டீச்சர். திருவேங்கடம் போகிற ரோட்டில் ஒரு கிராமத்தில் வேலை. தினமும் ஸ்கூட்டரில்தான் போய்வருவாள். அந்த ரோட்டில் அவள் விழுவதற்கு வாய்ப்புள்ள இடங்களை எல்லாம் போகிற வழியெல்லாம் மனசு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தது. பாலத்தைக் கண்டால் பாலத்தில் விழுந்திருப்பாளோ, வளைவைக் கண்டால் வளைவில் விழுந்திருப்பாளோ என்று. கும்பிடாத சாமி இல்லை.

அவள் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, சேலை முழுக்கக் கரிசல் மண். ஸ்கூட்டர், எங்கள் பக்கம் காடு என்று சொல்கிற, மழைக்காக உழுது போட்டிருந்த நிலத்துக்குள் ஒருச்சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஆடு மேய்க்கிற ஒரு அம்மா, தன் தண்ணீர் பாட்டிலை இவள் வாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் போன் செய்தவர் அவர்தான். சுற்றிலும் வெள்ளாடுகள்.

"ஆடுக ரோட்டுல ஏறிட்டு அண்ணாச்சி. டீச்சர் பிரேக்கே புடிக்கல, நேரா வாராவ. எதுக்க ஒரு லாரி வேற. கடேசில காட்டுக்குள்ள ஒடிச்சிட்டாவ. மண்ணு பொதபொதன்னு கெடந்ததால பொழைச்சாவ" என்றார் அந்த அம்மா.

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். "ஏட்டி, பிரேக்குன்னு ஒண்ணு இருக்குல்லா? புடிக்கதுக்கு என்ன?" என்று கத்தினேன்.

அவள் வலது கையை எனக்கு முன்னால் நீட்டினாள். விரல்களை மடக்கப் பார்த்தாள். பாதிவரை வந்தன. அதற்கு மேல் வரவில்லை.

"புடிச்சேன். வெரலு மடங்கல" என்றாள்.

இது திடீரென்று வந்ததில்லை. மாசி பங்குனியில் இருந்தே அவளுக்கு இந்தத் தொந்தரவு இருந்தது. காலையில் எழுந்ததும் கைவிரல்கள் விறைத்துக்கொள்ளும். முழங்கால் மடங்காது. குக்கர் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுவாள். வாசலில் கோலப்பொடியால் போட்டுக்கொண்டிருந்தவள், ஒருநாள் கடையிலிருந்து ஸ்டிக்கர் கோலம் வாங்கிவந்து ஒட்டிவிட்டாள். "காலத்துக்கு ஏத்த மாதிரி மாறணும்லா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு அவித்த முட்டை கொடுப்பார்கள். அந்த முட்டையை உரிக்கக்கூட முடியாமல், "யாரு நல்லா உரிக்கா பாப்போம்" என்று பிள்ளைகளையே உரிக்கவிட்டு அதை ஒரு விளையாட்டாக ஆக்கிவிட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருக்கிறாள்.

மறைத்ததற்குக் காரணம் உண்டு. அவளுடைய அம்மா, அதாவது என் மாமியார், முடக்குவாதத்தில் கஷ்டப்பட்டவர். விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகக் கோணிப் போய், கடைசிக் காலத்தில் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கக்கூட முடியாது. இவள்தான் ஊட்டிவிடுவாள். அந்தக் கைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். தன் கை விறைக்கிறபோது அவளுக்கு எந்தக் கை ஞாபகம் வந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெயர் சொன்னால் நோய் வந்துவிடும் என்கிற மாதிரி, நாங்கள் இரண்டு பேரும் அந்த வார்த்தையைச் சொல்லாமலே சுற்றிச் சுற்றி வந்தோம்.

வியாதியைப் பற்றிப் பேசப் பயந்தவர்கள் வேறு எதைப் பேசுவோம்? காபியைப் பேசினோம்.

என் காபியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எனக்குக் காலை ஷிப்டு என்பதால் விடிவதற்குள் எழுந்துவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் முதல் காபி நான் போடுவதுதான். கள்ளிச்சொட்டு மாதிரி டிகாஷன், பால்காரர் ஊற்றிவிட்டுப் போன கையோடு காய்ச்சின பால். அதை டவரா டம்ளரில் ஊற்றி அவள் படுக்கை வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பேன். எங்கள் தெருவில் இப்படிச் செய்கிற ஆண்பிள்ளை நான் ஒருத்தன்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

விறைப்பு வந்த பிறகு அந்தக் காபிக்கு இன்னும் மவுசு கூடியது. சூடான டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, "இதப் புடிச்சாத்தான் வெரலு கொஞ்சம் எளகுது" என்பாள். எனக்கு அது போதாதா? ஒரு காபி இரண்டு காபியாயிற்று. டிகாஷனையும் கெட்டியாக்கினேன்.

அவளுடைய தம்பி, என் மச்சினன், பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். உலகத்தில் உள்ள வைத்தியம் எல்லாம் அவனுடைய போனில் இருக்கும். ஒருநாள் வந்து உட்கார்ந்துகொண்டான்.

"அத்தான், அக்காவுக்கு மொதல்ல காபிய நிறுத்துங்க. மூட்டுல உள்ள எண்ணெய எல்லாம் காபி உறிஞ்சிருமாம்."

"ஏன் மாப்ளே, ஒங்கக்கா என்ன தறி மிஷினா, எண்ணெ வத்திப் போறதுக்கு?" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. நானும் போனில் தேடினேன். காபி குடித்தால் மூட்டு வலி வரும் என்று ஒருவர், காபி குடித்தால் மூட்டு வலி போகும் என்று இன்னொருவர். எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்து மச்சினனுக்கு அனுப்பினேன். அவன் அவனுக்கு வேண்டியதை எடுத்து எனக்கு அனுப்பினான். இரண்டு பேருக்குமே தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நடுவில் அவள் கை மட்டும் அப்படியே இருந்தது.

இந்தக் காபிச் சவத்தை நிறுத்தித்தான் பார்ப்போமே என்று சித்திரையில் சில நாள் காபியை நிறுத்தி, பதிலுக்குச் சூடான பால் கொடுத்தேன். தலைவலி என்று படுத்துவிட்டாள். யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தாள். விறைப்போ இம்மியும் குறையவில்லை. "பாத்தியா மாப்ளே" என்று மச்சினனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, ஜெயித்தவன் மாதிரி மறுபடியும் டிகாஷன் போட்டேன்.

ஒரு தடவை டாக்டரிடமும் காட்டினோம். எங்களுக்கு எப்போதும் பார்க்கிற டாக்டரம்மாதான். என் மனைவிக்கு ஏற்கெனவே தைராய்டு குறைவு என்று கண்டுபிடித்து, தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அதை நிறுத்தவே கூடாது என்று எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீங்களா? வெறும் வயித்துலதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். வலிக்கு மருந்து கொடுத்து, குறையவில்லை என்றால் ரத்தம் பார்க்கலாம் என்றார். குறையவில்லை. ஆனால் நாங்கள் போகவில்லை. ரத்தம் பார்த்தால் அந்தப் பெயர் வந்துவிடுமே என்று இரண்டு பேருக்கும் பயம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தோம். அப்படித் தள்ளியதுதான் திருவேங்கடம் ரோட்டில், லாரிக்கு முன்னால் போய் நின்றது.

அன்றைக்குக் காட்டிலிருந்து நேரே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். முழங்காலுக்கு மருந்து போட்டார். கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மாவுக்கு இருந்துச்சுன்னு சொன்னீங்கல்ல? அதையும் பாத்துருவோம், தைராய்டையும் பாத்துருவோம்" என்று சீட்டு எழுதினார். லேபில் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள்தான் முடிவு வரும் என்றார்கள்.

அந்த ஒரு நாள் இருக்கிறதே, அதை என் எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்தும் எனக்குத் தறிக்குப் போக மனசில்லை. கால் தானாகக் கோவிலுக்குப் போயிற்று. எங்கள் ஊரில் தபசுக்குக் கொடியேறியதிலிருந்து ஜனங்கள் பிரகாரத்தைச் சுற்றுவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். ஒற்றைக்காலில் தவம் நிற்கிற அம்பாள், சுற்றுகிறவர்களின் கால் வலியைத் தான் வாங்கிக்கொள்கிறாள் என்று நம்பிக்கை. என் மனைவி வருடம் தவறாமல் சுற்றுவாள். அந்த வருடம் முழங்காலால் முடியாது என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பதிலாக நான் சுற்றினேன். மற்றவர்கள் எண்ணிக்கொண்டு சுற்றினார்கள். எனக்கு எண்ணிக்கை நிற்கவில்லை. கால் வலியை எடுத்துக்கொள்கிறவள் கை வலியையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று சண்டை போட்டுக்கொண்டேதான் சுற்றினேன்.

மறுநாள் விடியற்காலை வழக்கம்போல் காபியைக் கொண்டுபோனேன். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். டம்ளரை வாங்கிப் பொத்திப் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் கேட்டாள்.

"எங்கம்மைக்கு நான் ஊட்டுனேன். எனக்கு யாரு ஊட்டுவா?"

எங்களுக்கு ஒரே பையன். கோயம்புத்தூரில் வேலை. "நான் இல்லையாட்டி? நான் ஊட்டுதேன்" என்றேன்.

"நீங்க காபி போட்டுத் தருவிய. சோறு பிசையத் தெரியுமா?" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேருக்குமே கண் கலங்கிவிட்டது. அவளுடைய அம்மாவின் விரல்களைப் பற்றி அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டுப் பேசினோம்.

சாயங்காலம் லேபில் முடிவை வாங்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். மச்சினனும் கூட வந்திருந்தான். தபசுக் கூட்டம் ஆஸ்பத்திரியிலும் இருந்தது. வராந்தா நிறைய ஆட்கள். எங்கள் முறை வந்து உள்ளே போனோம். உறையைப் பிரித்து டாக்டரம்மா படிக்கிற நேரம் முழுக்க, நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் ஒன்றும் சொல்லவில்லை.

"ஒங்கம்மாவுக்கு வந்தது ஒங்களுக்கு இருக்கிற மாதிரி இதுல தெரியல" என்றார் முதலில்.

என் மனைவி மூச்சை விட்டாள். நான் எழுந்து நின்றே விட்டேன். "உக்காருங்க, இன்னும் முடியல" என்றார் டாக்டரம்மா. பிறகு அடுத்த தாளைக் காட்டினார். தைராய்டு ரொம்ப மோசமாக இருந்ததாம். மருந்தே சாப்பிடாத ஆளுக்கு இருக்கிற மாதிரி. தைராய்டு இவ்வளவு குறைந்தால் கை கால் விறைப்பு, மூட்டு வலி, அசதி எல்லாமே வருமாம்.

"உண்மையச் சொல்லுங்க. மாத்திரைய ஒழுங்காச் சாப்பிடுறதில்லதானே?" என்று என் மனைவியைக் கேட்டார்.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதற்கு முந்தின கார்த்திகை வரைக்கும் அவள் தானே தண்ணீர் ஊற்றி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். பல நாள் மறந்துவிடுவாள் என்பது உண்மை. அதனால்தான் கார்த்திகையிலிருந்து அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அப்படிப்பட்ட என்னை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கேள்வியா?

"டாக்டரம்மா, ஒருநாள் தவறாம நானே என் கையால குடுக்கேன்" என்றேன்.

"எப்படிக் குடுக்கீங்க? சொல்லுங்க."

தறிச் சத்தத்திலேயே காலத்தை ஓட்டியவன் நான். எனக்கு மெதுவாகப் பேச வராது. என் ரகசியம் எல்லாம் தெருவுக்கே கேட்கும். அன்றைக்கு வேறு பெருமையும் சேர்ந்துகொண்டது. விடிவதற்குள் எழுந்திருப்பதில் ஆரம்பித்தேன். டிகாஷன் இறக்குவதைச் சொன்னேன். மறந்துவிடக் கூடாது என்று மாத்திரையைப் பிரித்து டவரா விளிம்பில் வைத்துக் கொண்டுபோவதைச் சொன்னேன். காபியை அவள் ஒருநாளும் மறக்கமாட்டாள், அதனால் மாத்திரையும் மறக்காது என்கிற என் புத்திசாலித்தனத்தையும் சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "காபியில மாத்திரையா? வெறும் வயித்துலன்னு சொன்னேனே?"

"வெறும் வயித்துலதான் டாக்டரம்மா! பச்சத் தண்ணிகூடப் பல்லுல படாது. நேரா காபிதான்!"

"அப்ப காபி?"

"காபி சாப்பாடா டாக்டரம்மா?" என்றேன் நான், அவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று.

வெளியே வராந்தாவில் யாரோ ஒருத்தர், "அதான?" என்று எனக்கு ஆதரவாகச் சொன்னது உள்ளே கேட்டது.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் எங்கள் வீட்டு வழக்கம் அது. வெள்ளிக்கிழமை விரதம் என்றால் சோறு ஆகாது, இட்லி ஆகாது; காபி ஆகும். தபசன்றைக்குப் பட்டினி கிடக்கிறவளும் நடுவில் ரெண்டு தடவை காபி குடிப்பாள். "காலையிலேர்ந்து ஒண்ணுஞ் சாப்பிடல, காபி மட்டுந்தான்" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் எங்கள் வீட்டில் யாரும் சேர்த்ததே இல்லை. வெறும் வயிறு என்று டாக்டர் சொன்னால், காபி குடித்த வயிறும் எங்களுக்கு வெறும் வயிறுதான். அதனால்தான் அவர் கேட்டபோதெல்லாம் மனசறிந்து ஆமாம் என்று சொன்னோம்.

டாக்டரம்மா திட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். அந்த மாத்திரை உடம்பில் சேரவேண்டும் என்றால் தண்ணீரில்தான் போடவேண்டுமாம். காபியோடு போனால் அது மருந்தைச் சரியாகச் சேரவிடாதாம். பாலும் அப்படித்தானாம். "மாத்திரையப் போட்டுட்டு ஒரு மணி நேரம் சும்மா இருங்க. அதுக்கப்புறம் காபி குடிங்க. யாரு வேண்டான்னா?"

மச்சினனுக்கு அப்போதும் விடமுடியவில்லை. "அப்ப காபி மூட்டுக்குக் கெடுதிதான மேடம்?" என்றான்.

"அதுல ஒருத்தர் ஒண்ணு சொல்றாங்க, இன்னொருத்தர் வேற சொல்றாங்க. அளவா குடிச்சாப் பயப்பட வேண்டாம். இங்க பிரச்சினை காபி இல்ல, காபியோட மாத்திரை போனதுதான். டம்ளரப் புடிச்சா வெரல் எளகுதுன்னா அது சூட்டுக்கு. வெந்நியில கைய வச்சாலும் எளகும்" என்றார். சித்திரையில் காபியை நிறுத்தினோமே என்று கேட்டதற்கு, பாலில்தானே மாத்திரையைக் கொடுத்தீர்கள் என்றார். தண்ணீரில் கொடுத்திருந்தாலும், சில நாளில் ஒன்றும் தெரியாது, வாரக்கணக்கில் ஆகும் என்றார். இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், ஆனால் மருந்து சேர்ந்து மறுபடி ரத்தம் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லமுடியும், அதுவரை வண்டி ஓட்டவேண்டாம் என்றும் சொன்னார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு நான் வாயால் கெட்டதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அப்போது எனக்கு அது தோன்றவில்லை. ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போது மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அவள் மறந்துவிடுகிறாள் என்று பொறுப்பை எடுத்துக்கொண்டவன் நான். அவள் அரைகுறையாகச் சாப்பிட்ட காலத்தில் நன்றாக இருந்தாள். நான் ஒருநாள் தவறாமல் கொடுத்த காலத்தில் விரல் மடங்காமல் லாரிக்கு முன்னால் போயிருக்கிறாள். விறைப்பு கூடக்கூட நான் இரண்டாவது காபி வேறு கொடுத்திருக்கிறேன்.

"என் கையாலயே ஒனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"விசமா வச்சிய? காபிதான குடுத்திய? போங்க, வண்டிய எடுங்க" என்றாள் அவள். இரவல் பைக்கில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிடித்தாள் என்று பெயர்தான். மடங்காத விரல்கள் தோள்மேல் சும்மா கிடந்தன.

மறுநாளிலிருந்து மாத்திரைக்குத் தண்ணீர். அதற்கு ஒரு மணி நேரம் கழித்துக் காபி. அவளுக்குக் காபி தள்ளிப்போகக் கூடாதே என்று நான் முன்பைவிடச் சீக்கிரம் எழுந்தேன். மாத்திரையைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் சமையல் கட்டில் உட்கார்ந்திருப்போம். முதல் வாரம் ஒன்றுமில்லை. அடுத்த வாரமும் ஒன்றுமில்லை. அவள் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தாள். நான் தினமும் அவள் விரல்களைத்தான் பார்ப்பேன். டாக்டரம்மா "நினைக்கிறேன்" என்றுதானே சொன்னார் என்ற வார்த்தை தறிச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்கும். இது இல்லாமல் வேறு எதாவது இருந்தால்? ரத்தத்தில் தெரியாமலே அந்த நோய் இருந்தால்? மச்சினன் மதுரையில் ஒரு பெரிய டாக்டர் இருக்கிறார் என்றான். எப்போதும் அவனோடு மல்லுக்கு நிற்கிற நான், "சரி மாப்ளே, விசாரி" என்றேன். அவன் அதற்கே பயந்துபோனான்.

ஆவணி போய்விட்டது. புரட்டாசியில் ஒரு காலை. மாத்திரை போட்டாயிற்று. காபிக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் டிகாஷன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றேன். பின்னாலிருந்து வந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து ஒரு நெரி நெரித்தாள்.

"ஏட்டி, வலிக்கி!"

"நெசமா வலிக்கா?"

"நெசமாத்தாம்ட்டி!"

"இன்னொருக்கா நெரிக்கட்டா?" என்றாள். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அவ்வளவு நாளும் அடக்கிவைத்த அழுகை. டிகாஷன் ஆறிப்போனது. அன்றைக்கு நான் ஷிப்டுக்குத் தாமதம்.

அதற்குப் பிறகு ரத்தம் பார்த்ததில் தைராய்டு கிட்டத்தட்டச் சரியாகியிருந்தது. கார்த்திகைக்குள் விறைப்பு அநேகமாகப் போய்விட்டது. ஸ்கூட்டரை எடுத்த முதல் நாள் நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். காலியான ரோட்டில் தேவையே இல்லாமல் அவள் பிரேக் பிடித்துப் பிடித்துக் காட்ட, நான் அவள் முதுகில் மோதி மோதி வந்தேன். அந்த வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஆடு மேய்க்கிற அந்த அம்மாவைத் தேடினோம். அன்றைக்கு அவர் வேறு பக்கம் போயிருந்தார். பிறகொரு நாள் பார்த்து, என் பிளாஸ்கிலிருந்து அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தோம். "மாத்திர எதுவுஞ் சாப்பிடுதியளா?" என்று கேட்டுவிட்டுத்தான் என் மனைவி டம்ளரை நீட்டினாள்.

இப்போதும் எங்கள் வீட்டில் முதல் காபி நான் போடுவதுதான். மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு மணி நேரத்தில், அங்கன்வாடிப் பிள்ளைகளின் கதைகளை எல்லாம் அவள் சொல்லுவாள். நான் கேட்காமலே, பேச்சோடு பேச்சாகக் கையை என் பக்கம் நீட்டி, விரல்களை மூடித் திறந்து காட்டுவாள். அதைப் பார்த்த பிறகுதான் பாலை அடுப்பில் வைக்கிறேன். ஆசையாகக் கொடுக்கிறோம் என்பதாலேயே கொடுப்பதெல்லாம் சரியாகிவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன். இன்றைக்கும் டவராவைக் கையில் எடுக்கும்போது, அதன் விளிம்பு காலியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.